“அவர்களைப் போல நாங்கள் பிடிபட மாட்டோம்” என்று எழுதிய மகளுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பாடசாலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 17 வயதும் நான்கு மாதமும். உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிறார். வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்யும் 22 வயதுப் பொடியனோடு ஒரு வருடமாகப் பழக்கம். வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் ஒரே குடி, அதாவது ஒரே தாய்வழி வம்சம் என்பதால், “அண்ணன் தங்கச்சி முறையில கலியாணமா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். கட்டாரில் இருக்கும் அப்பா அடுத்த மாதம் லீவில் வருகிறார். வந்ததும் மாமியின் மகனுக்குப் பேசி எழுத்தை (விவாகப் பதிவை) முடித்துவிடுவார்கள் என்று பிள்ளைக்குப் பயம்.

அதற்கு முன் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விடுவது, வெள்ளவத்தையில் நண்பன் ஒருவனிடம் தங்குவது, கோயிலில் தாலி கட்டிப் பதிவையும் முடிப்பது என்பது இவர்களின் திட்டம். வயது போதாததால் அக்கா முறையான ஒருவரின் அடையாள அட்டையைக் கொண்டுபோகலாமாம். 2004இல் வந்த ‘காதல்’ படத்தை இருவரும் போனில் மூன்று தடவை பார்த்திருக்கிறார்கள். “அவங்க செய்த பிழை சித்தப்பாவை நம்பித் திரும்பிப் போனதுதான். நாங்கள் திரும்பி வர மாட்டோம்” என்கிறார். தாலி கட்டிவிட்டால் யாரும் பிரிக்க முடியாதுதானே, ஒரே குடி என்றால் பதிய மாட்டார்களா, அவரைப் பொலிஸ் பிடிக்குமா, அப்பா கட்டும் வீடு மூத்த மகளான எனக்குத்தானே என்று நான்கு கேள்விகள். கடைசி வரி: “இதுவும் சரிவராட்டி நாங்க ரெண்டு பேரும் இருந்து என்ன?”

மகள், அந்தக் கடைசி வரியில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். அதைக் கோபத்தில் எழுதினீர்களா, உண்மையாகவே அப்படி ஓர் எண்ணம் வந்து போகிறதா என்று எனக்குத் தெரியாது. வந்து போகிறது என்றால் இதை மேலே வாசிப்பதற்கு முன் யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். அவரும் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால், அதை இரண்டு பேருக்குள் இரகசியமாக வைத்திருக்காதீர்கள். உங்கள் சிக்கலுக்கு வழி இருக்கிறது. நீங்கள் போட்ட திட்டத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். பாலாஜி சக்திவேல் இயக்கிய படம். மதுரையில் ஒரு மெக்கானிக்கும் வசதியான வீட்டுப் பள்ளி மாணவியும் சென்னைக்கு ஓடிப்போவார்கள். கடைசியில் நடுத்தெருவில் மனம் பேதலித்த நிலையில் அவனை அவள் காணும்போது நானும்தான் அழுதேன். உங்கள் அவரும் கராஜில் வேலை செய்கிறவர், நீங்களும் படிக்கிற பிள்ளை. உங்கள் கதையையே யாரோ படமாக எடுத்தது போலத் தோன்றியிருக்கும். ஆனால் நீங்கள் கவனித்தது திரும்பிப் போன இடத்தை. நான் கவனித்தது போய் இறங்கிய இடத்தை. சென்னையில் இறங்கிய பிறகு அவர்களுக்குத் தலை சாய்க்க இடமில்லை. நண்பன் இருப்பது ஆம்பிளைகள் தங்குகிற மான்ஷனில். அவளின் சித்தப்பா வந்து கூப்பிட்டபோது அவர்கள் நம்பியதற்கு வெறும் அப்பாவித்தனம் மட்டும் காரணமில்லை. இருக்க ஓர் இடமில்லாமல் அலைந்து களைத்தவர்களுக்கு, வீட்டுக்கு வா என்ற சொல் எவ்வளவு இனிப்பாகக் கேட்டிருக்கும்! நீங்களும் அதே களைப்புக்குத்தான் பஸ் ஏறப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று. அது இந்தியாவில் நடக்கிற கதை. நம் நாட்டுச் சட்டம் வேறு. அதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

16, 18 என்ற இரண்டு எண்கள்

கடிதத்தில் ஓரிடத்தில், “16 வயது தாண்டினால் சட்டப்படி பிரச்சினை இல்லை என்று அவரின் நண்பர் சொன்னார்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 16 என்பது தண்டனைச் சட்டக்கோவையில் வரும் வயது. 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையோடு உறவு கொண்டால், அவள் விரும்பினாளா இல்லையா என்று சட்டம் கேட்பதே இல்லை. அது பாலியல் வல்லுறவு. கலியாணத்துக்கான வயது அதுவல்ல. 1995இல் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 பூர்த்தியாகாமல் செய்யும் விவாகம் செல்லாது. தாய் தகப்பன் சம்மதித்துக் கையெழுத்து வைத்தாலும் செல்லாது. அந்தத் திருத்தத்துக்கு முன் பெண்ணுக்கு 12 வயது போதும் என்றிருந்தது. உங்கள் அம்மம்மா 15, 16இல் கலியாணம் முடித்த கதையைச் சொல்வார். அது அந்தக் காலத்துச் சட்டம்.

ஆகவே மாமாங்கேஸ்வரர் கோயிலில் கட்டினாலும் கொழும்பில் கட்டினாலும், இன்றைக்கு உங்கள் கழுத்தில் ஏறும் தாலி உங்களைச் சட்டத்தின் முன் மனைவியாக்காது. யாரும் பிரிக்க முடியாது என்று நீங்கள் நம்பும் அந்தக் கயிற்றை வைத்து, பொலிஸிலோ நீதவானிடமோ எந்த உரிமையையும் கேட்க முடியாது. அவர் நாளைக்கு மனம் மாறினால் தாபரிப்புக் கேட்க, “நான் மனைவி” என்று உங்களால் போய் நிற்க முடியாது. ஒரு குழந்தை வந்தால், விவாகம் இல்லாத இடத்தில் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் தானாக ஏறாது. இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். இப்போது “அவர் கட்டாயம் வைப்பார்” என்று மனதுக்குள் சொல்லியிருப்பீர்கள். வைக்கக்கூடும். நான் சந்தித்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அக்காவின் அடையாள அட்டை

இதை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். அந்த அட்டையைக் கொடுத்துப் பதிந்தால் பதிவேட்டில் ஏறுவது உங்கள் பெயரல்ல, அக்காவின் பெயர். அதாவது அவர் உங்கள் அக்காவைக் கலியாணம் முடித்தவர் என்று எழுதப்படும். நாளைக்கு அந்த அக்காவுக்கு ஒரு வரன் பேசும்போது அந்தப் பிள்ளை என்ன செய்யும்? விவாக அறிவித்தலில் பொய் சொல்வது குற்றம். ஆள்மாறாட்டமும் குற்றம். நீங்கள், அவர், தெரிந்துகொண்டே அட்டையைத் தந்த அக்கா, சாட்சிக் கையெழுத்துப் போடும் நண்பர்கள் என்று எல்லோரும் மாட்டுப்படுவீர்கள்.

உங்கள் சொந்த அட்டையைக் காட்டினாலும் வயதை மறைக்க முடியாது. புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. லொட்ஜில் அட்டையை வாங்கிப் பார்க்கிறவருக்கு அது போதும்.

ஒரே குடி என்பது

இந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பிடித்த பதில்தான். சட்டம் குடி பார்ப்பதில்லை. யார் யாரை முடிக்கக்கூடாது என்று கட்டளைச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. நேர் வாரிசு, கூடப் பிறந்தவர், கூடப் பிறந்தவரின் மகள் என்று அது போகும். (தமிழ்நாட்டுப் படங்களில் தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் அந்தக் கலியாணம் செல்லாது.) தாய்வழிக் குடி ஒன்று என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 18 ஆன பிறகு அதைக் காரணம் காட்டி எந்தப் பதிவாளரும் மறுக்க முடியாது.

ஆனாலும் அம்மாவின் அழுகையைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். படுவான்கரையில் கோயில் உரிமையும் சடங்கில் முறையும் இன்னும் குடியைக் கேட்டுத்தான் நடக்கின்றன. நாளைக்குத் திருவிழாவில் ஊரார் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று அவருக்குக் கண்முன்னே தெரிகிறது. அவர் பயப்படுவது அதற்கு. அந்தப் பயத்தைப் பேசிக் குறைக்கலாம். இதே சிக்கல் வந்த குடும்பங்களில், பிள்ளைகள் ஊரைவிட்டு ஓடாமல் நின்ற இடங்களில், ஓரிரு வருடத்தில் பெரியவர்களே ஏதாவது ஒரு வழியில் முறையைச் சரிப்படுத்திக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன்.

அவரைப் பிடிப்பார்களா?

சட்டபூர்வப் பாதுகாவலரிடமிருந்து ஒரு பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதற்கான குற்றம், நம் தண்டனைச் சட்டக்கோவையில் 16 வயதுக்குக் குறைந்தவளுக்குத்தான். உங்களுக்கு 17. நீங்களாகவே விரும்பிப் போனால் அந்தப் பிரிவில் அவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுப்பது கடினம். “ஆயுள் முழுக்க உள்ளே போட்டுவிடுவார்கள்” என்ற பயம் தேவையில்லை.

ஆனால் ஒன்றும் நடக்காது என்று நினைக்க வேண்டாம். பிள்ளையைக் காணவில்லை என்று அம்மா முறைப்பாடு கொடுத்தால் பொலிஸ் தேடும். உங்கள் இருவரின் போன்களையும் வைத்தே கண்டுபிடிக்கும். 18 ஆகாததால் நீங்கள் சிறுவர் என்ற கணக்கில்தான் வருவீர்கள். நீதவான் முன் கொண்டுபோவார்கள், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள், எப்போது பழக்கம் தொடங்கியது என்று நாள் கணக்காகக் கேட்பார்கள். வீட்டுக்குப் போக மாட்டேன் என்று நின்றால் பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவாகலாம்.

ஒரு நாளை இன்னும் மறக்கவில்லை. நீதிமன்ற விறாந்தையில் ஒரு வாங்கில் ஒரு பிள்ளை இருந்தாள். ரியூசனுக்கென்று வீட்டிலிருந்து வெளிக்கிட்டவள், காலில் பாடசாலைச் சப்பாத்து. கழுத்தில் புதுக் கயிறு, அதன் மஞ்சள் சட்டைக் கொலரில் ஊறியிருந்தது. எதிர் வாங்கில் தாய், மடியில் ஒரு சொப்பிங் பை. மூன்று மணித்தியாலம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வழக்குக் கூப்பிடப் போகிற நேரம் தாய் எழும்பி வந்து, ஒன்றும் பேசாமல் பையை மகளின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் இருந்தார். உள்ளே மாற்றுடுப்பு, அதற்கு மேல் ஒரு சீப்பு. இல்லத்துக்குப் போகிற பிள்ளை தலை இழுக்கச் சீப்பில்லாமல் நிற்கக்கூடாது என்று அந்தத் தாய் யோசித்திருக்கிறார். அந்தப் பிள்ளை அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. அவளுக்கு 18 ஆக ஐந்து மாதம்தான் இருந்தது.

அப்பா கட்டும் வீடு

இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நீங்கள் யாரும் யோசிக்காத மூலை இது.

நம் பகுதியில், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், வீடு பெண்ணோடு போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பக்கத்து வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு, அடுத்தவளுக்கு அத்திவாரம் வெட்டுவார்கள். ஆனால் மகள், இது வழக்கம்; சட்டம் அல்ல. தாய்வழிச் சொத்துரிமை சொன்ன முக்குவர் சட்டம் மட்டக்களப்பில் ஒரு காலம் இருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபின் அது இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையும் நமக்குப் பொருந்தாது. நாம் பொதுச் சட்டத்துக்குள் இருக்கிறோம். அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் பெயரில் இருக்கும் வீடு அவருடையது. உங்களுக்கு எழுதலாம், தங்கச்சிக்கு எழுதலாம், விற்கலாம். “எனக்குரியது” என்று நீங்கள் வழக்குப் போட முடியாது.

சரி, வீடு வேண்டாம், அவர் வீட்டில் இருப்பேன் என்பீர்கள். அவருக்குத் தங்கச்சி இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த வீடு யாருக்கு? உங்கள் அப்பா உங்களுக்குக் கட்டுவது போல, அவருடைய அப்பா அந்தத் தங்கச்சிக்குக் கட்டிய வீடு அது. அங்கே நீங்கள் மருமகளாகப் போய் இருந்தால், அந்தப் பிள்ளையின் கலியாணப் பேச்சு தொடங்கும் நாளில் இருந்து உங்களுக்கு இடம் நெருக்கும். ஒரு குசினிக்குள் நடக்கிற அந்த நெருக்கத்தை எந்தப் படமும் காட்டாது. ஓடிப்போன பெண்ணுக்குத் தாய் வீடும் இல்லை, புருஷன் வீடும் இல்லை என்று நம் ஊரில் ஆகிவிடுவது இதனால்தான். அவர் சேர்த்து வைத்திருப்பதாக நீங்கள் எழுதிய 60,000 ரூபாய், கொழும்பில் ஓர் அறைக்கு முற்பணமும் முதல் மாத வாடகையும் கொடுக்கவே போய்விடும்.

அப்பா வரும் மாதம்

உங்களைத் தடுக்கிற அதே 18 உங்களைக் காப்பாற்றவும் செய்கிறது. மாமியின் மகனுக்கு உங்களை எழுதி வைக்கவும் இப்போது யாராலும் முடியாது. அப்பா, பதிவாளர், ஊர்ப் பெரியவர் யாராயினும் சரி, 18 ஆகாமல் எழுத்து இல்லை. 18 ஆன பிறகும் பதிவாளர் முன் நீங்களே விருப்பத்தைச் சொல்லி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து வைக்க வேண்டும். நீங்கள் மாட்டேன் என்றால் விவாகம் இல்லை. ஆகவே எதிலிருந்து தப்ப இரவு பஸ் ஏறப் பார்க்கிறீர்களோ, அது நீங்கள் நினைக்கிற வேகத்தில் நடக்கப்போவதில்லை. எட்டு மாதம் உங்கள் கையில் இருக்கிறது.

அம்மாவிடம் நேரே பேச முடியவில்லை என்றால் அம்மம்மாவிடம் அல்லது தாய்மாமனிடம் போங்கள். நம் பக்கம் அம்மம்மா சொன்னால் வீடு கேட்கும். முதல் நாளே கலியாணத்தைக் கேட்காதீர்கள். “பரீட்சை முடியும்வரை என்னை யாருக்கும் பேசாதீர்கள், நானும் எங்கேயும் போகமாட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர்களும் மூச்சு விடுவார்கள். வீட்டுக்குள் பேச்சு முற்றினால், உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்கள். தாய் தகப்பனையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவது அவர்கள் வேலை.

அடித்தால், பூட்டி வைத்தால், பாடசாலையை நிறுத்தினால் அது வேறு கதை. 1929க்கு எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மகளிர் பணியகம் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அடிப்பவர் பெற்ற தகப்பனாக இருந்தாலும் நீதவான் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பயந்தால் 1929 என்ற அந்த இலக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள், நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

18 பிறந்த மறுநாள் உங்களுக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. இருவரின் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டுபோய்ப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கலாம். சாதாரணமாக 12 நாட்கள் கழித்து எழுதலாம், அவசரமென்றால் விசேட அனுமதிப்பத்திரம் உண்டு. அப்போது யாராவது மறித்தால் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வசதி இல்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் பார்ப்பார்கள். அந்த நாளில் நீங்கள் அவரைத்தான் வேண்டும் என்று நின்றால், நானும் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

இந்தப் பதிலை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள், ஒளிக்க வேண்டாம். எட்டு மாதம் பொறுக்கலாமா, அதற்குள் எங்கே இருப்பது, எதைச் சேர்ப்பது என்று அவர் யோசிக்கத் தொடங்கினால் நல்லது. “இப்ப வராட்டி எப்பவுமே வராதே” என்று சொன்னாரென்றால், அதையும் அப்படியே எனக்கு எழுதுங்கள்.